நாலாவது ராணியின் படம்

நவம்பர் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. இங்கே கனடாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் நாள். குசினி மணிக்கூடு எனக்கு எட்டாது. மதுரா கதிரையில் ஏறித் திருப்பினாள்.

புதுக் கொப்பி, அபி தந்தது. முதல் பக்கத்தில் நல்லதைத்தான் எழுத வேண்டும். ஆகவே:

மூத்த பேரன் நிரோஜன். கம்பியூட்டர் கம்பனியில் பெரிய வேலை, அவனுக்குக் கீழே ஏழு பேர். கர்க்லாண்டில் சொந்த வீடு, இரண்டு கார் விடலாம்.

லண்டன் மகளின் மகன் துவாரகன். டொக்டர் படிப்பு, கடைசி வருடம்.

அவன் தங்கச்சி துளசி. நடன அரங்கேற்றம் முடிந்தது. மண்டபத்தில் நிற்க இடமில்லை.

அபி, நிரோவின் தங்கச்சி, பதினேழு வயது. பிரெஞ்சுப் பேச்சுப் போட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தாண்டி முதலாவதாக வந்தவள்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் வயிற்றிலிருந்து இத்தனையும். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன்.

மதுரா. நிரோவின் மனைவி. ஊரிலிருந்து வந்து ஏழு மாதம், இருப்பது இங்கே எங்களோடு. இவளுக்கு என்ன எழுதுவது? பிரெஞ்சு வகுப்பில் இரண்டாம் நிலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். அதை எழுதலாம்.

அபிக்குக் கொலேஜில் சரித்திரப் பாடம். இங்கிலாந்தில் டியூடர் என்றொரு ராசபரம்பரை. அதில் ஒரு ராசா, ஆறு பெண்சாதி. ஆறு பேரும் பட்ட பாட்டை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். எனக்குச் சொல்லிப் பழகுகிறாள். "உங்களுக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும் அப்பம்மா." மரியாதை அவ்வளவுதான். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. முட்டுகிற இடத்தில் மதுரா சொல் எடுத்துக் கொடுப்பாள். நான் கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டு கேட்டேன்.

ரா. 1 (ராணி ஒன்று): ஸ்பெயின் தேசத்துப் பெண். முதலில் ராசாவின் தமையனுக்குக் கட்டி வந்தவள். அவன் சில மாதத்தில் செத்தான். ஏழு வருடம் இவளை ஊருக்கு அனுப்பவும் இல்லை, தம்பிக்குக் கட்டி வைக்கவும் இல்லை. தகப்பனும் மாமனும் சீதனத்தில் இழுபறி. தன் சாமான்களை விற்று வேலைக்காரருக்குச் சாப்பாடு போட்டாள். பிறகு தம்பியைக் கட்டினாள். ஆறு தரம் உண்டாகி, தங்கியது ஒரே பெண்பிள்ளை. ஒரு ஆண்பிள்ளை ஐம்பத்திரண்டு நாள் இருந்ததாம்.

நாளைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்களே என்றேன்.

"தாய் எண்ணியிருப்பா," என்றாள் மதுரா.

இருபது வருடத்துக்கு மேல் ராணியாக இருந்தவள். ஆண்பிள்ளை இல்லை என்றதும் இந்தக் கலியாணமே செல்லாது என்றானாம் ராசா. ஈரம் ஊறும் கோட்டையில் கொண்டுபோய் விட்டார்கள். மகளைக் கண்ணில் காட்டவில்லை. நஞ்சு வைப்பார்கள் என்று பயந்து தன் அறை நெருப்பிலேயே சமைப்பித்தாள். கடைசி வரை ஒப்பவில்லை. நான்தான் பெண்சாதி என்று சொல்லிக்கொண்டே செத்தாள்.

நிரோ இன்றும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு. அவனுக்கென்று மதுரா போட்டு வைத்த சாப்பாட்டுப் பெட்டிகள் நான்கு, பிரிட்ஜில்.


நவம்பர் 4, செவ்வாய்

குளிர். பிரஷர் 150. முழங்கால் மருந்து முடிகிறது, அபியிடம் சொல்ல.

மகன், நிரோவின் தகப்பன், அமெரிக்காவுக்கு லொறி கொண்டு போய்விட்டான். பத்து நாள்.

ரா. 2: பிள்ளை பெறுவதற்கு ஒரு மாதம் முன்னமே அறையில் விட்டு யன்னல்களைச் சீலையால் மூடுவார்களாம். வெளிச்சத்துக்கு ஒரு யன்னல் மட்டும். ஆண்கள் உள்ளே போகக்கூடாது. எங்கள் பிள்ளைப்பேற்றுத் துடக்கு போலத்தான், எங்களுக்குப் பெற்ற பிறகு, அவர்களுக்குப் பெற முன்னம். ஆண்பிள்ளை என்று சாத்திரிமார் அடித்துச் சொன்னார்கள். குதிரை விளையாட்டுக்கு எல்லாம் ஆயத்தம். பிறந்தது பெண். விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது தங்கவில்லை. ராணியாகி மூன்று வருடத்தில் பழி சுமத்தித் தலையை எடுத்தார்கள். கோடரி வேண்டாம் என்று பிரான்சிலிருந்து வாள்காரனை வருவித்தானாம். அதைத் தயவு என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். பதினொரு நாளில் அடுத்த கலியாணம்.

மருமகள் ரஞ்சி, "சாப்பிடேக்கை உந்தக் கதை வேண்டாம்," என்று எழும்பிப் போனாள்.

பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நிரோ டிக்கெட் போட்டுவிட்டானாம். 19ஆம் திகதி, மதுராவுக்கு மட்டும். தாயைப் பார்த்து ஒரு மாதம் நின்று வரட்டும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமாம். அவளுடைய பாஸ்போட் என் அலுமாரியில். வந்த அன்றே நகையோடு எல்லாவற்றையும் என்னிடம் தந்தாள். புதுப்பெண் தன் பெறுமதியானதை வீட்டுக்கு மூத்தவளிடம் கொடுத்து வைப்பது எங்கள் வழக்கம்.

"பாஸ்போட்டை மட்டும் எடுத்து வையுங்கோ மாமி. பி.ஆர். காட் வேண்டாமாம்."

நிரந்தரமாக இங்கே இருக்கத் தரும் காட் அது. ஏன் வேண்டாம் என்று கேட்டேன். ரஞ்சி நிலத்தைப் பார்த்தாள். பேக்கரியில் எட்டு மணித்தியாலம் நின்ற கால், வீங்கியிருந்தது. ஞாயிறு அவன் வந்து எடுப்பான் என்று மட்டும் சொன்னாள்.


நவம்பர் 5, புதன்

அபியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். பி.ஆர். காட் இல்லாமல் ஒருத்தி ஊருக்குப் போனால்?

"திரும்பிப் பிளேன் ஏற விடமாட்டாங்கள். ஏன்?"

ஏனுமில்லை. புருசன் வேண்டாம் என்றால் கனடா அனுப்பிவிடுமா என்றும் கேட்டேன். முந்தி ஏதோ இருந்ததாம், இப்போது இல்லையாம். வந்து இறங்கிப் பதிந்தவளைப் புருசனால் ஒன்றும் செய்ய முடியாது. அவளாகப் போனால் ஒழிய.

அவளாகப் போனால் ஒழிய.

ரா. 3: ஆண்பிள்ளை பெற்றாள். இரண்டு மூன்று நாள் வலி. ஊரெல்லாம் கோயில் மணி அடித்தார்கள். பன்னிரண்டாம் நாள் செத்தாள். அபி இவளுக்கு அரை நிமிடம்தான் வைத்திருக்கிறாள்.


நவம்பர் 6, வியாழன்

வெயில், ஆனால் சூடில்லை.

இன்று அபி சொன்ன கதையை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

ரா. 4: ஜெர்மனிப் பக்கத்துப் பெண். ராசா கண்ணால் காணவில்லை. ஆளனுப்பிப் படம் கீறுவித்தார்கள். படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டான். கலியாணம் பேசி முடித்தது ஒரு மந்திரி. பெண் கடல் தாண்டி வந்து இறங்கினாள். கலியாணத்துக்கு முன்னம் ராசா ஒளித்துப் போய்ப் பார்த்தான். பிடிக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு வாக்குக் கொடுத்தாயிற்று, நிறுத்த வழியில்லை. கட்டினான். பக்கத்தில் படுத்துத் திரும்பிக்கொள்வான். காலையில் ஒரு முத்தம், இரவில் ஒரு முத்தம், அவ்வளவுதான் என்று தோழிப் பெண்களிடம் அவளே சொன்னாளாம். அவர்கள் சிரித்தார்களாம்.

மதுரா பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

ஆறு மாதத்தில் கலியாணம் செல்லாது என்று கடுதாசி வந்தது. முதலாமவளுக்கு நடந்ததை அறிந்தவள், உடனே கையெழுத்து வைத்தாள். ராசாவின் சகோதரி என்று பட்டம் கொடுத்து, மாளிகையும் கொடுத்தார்கள். ஆறு பேரில் நிம்மதியாகச் செத்தது இவள்தானாம்.

படம் கீறியவனுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. கலியாணம் பேசின மந்திரிக்குத்தான் தலை போச்சு."

லீக்ஸோடு விரலும் வெட்டுப்பட்டது. மதுரா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.


நவம்பர் 7, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் என்று சொன்னேன்.

எழுதி வைக்கிறேன். ஒருவரும் இதை வாசிக்க மாட்டார்கள். அபிக்குத் தமிழ் வாசிக்க வராது.

மதுராவின் தாய் செல்வி, ஊரில் எங்களுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவள். என்னை மாமி என்பாள். சண்டைக் காலத்தில் வன்னியில் அகப்பட்டு, புருசனைப் பறிகொடுத்து, பிள்ளையோடு தப்பி வந்தவள். பிள்ளைக்கு அப்போது பத்து வயது. செல் குண்டுத் துண்டு பட்ட தழும்பு, இடது கன்னத்தில், காதடியிலிருந்து வாய்ப் பக்கம் வரை.

இரண்டு வருடத்துக்கு முன்னம் நிரோ ஒரு பிரெஞ்சுப் பெண்பிள்ளை விட்டுப்போன கோபத்தில் இருந்தான். ஆரையாவது பாருங்கோ, நான் கட்டுறன் என்றான். நான் செல்வியிடம் படம் கேட்டேன். அனுப்பினாள். கூடவே குரலும் பதிந்து அனுப்பினாள்: "தழும்பு வடிவாத் தெரியிற பக்கமாத்தான் எடுத்திருக்கிறன் மாமி. பேந்து ஒருத்தரும் மறைச்சது எண்டு சொல்லக்கூடாது."

சாதகம் பத்துக்கு ஒன்பது பொருத்தம். பிள்ளை பொறுமைசாலி. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு வாழ்வு. எல்லாம் சரி, அந்த ஒரு கன்னத்துக் கோட்டைத் தவிர. டொரொண்டோவில் கலியாணப் படம் எடுக்கிற ஒருவருக்கு அனுப்பி, தழும்பை எடுத்துத் தரச் சொன்னேன். அதைத்தான் நிரோவுக்குக் காட்டினேன். பார்த்து, சரி என்றான். மதுராவோடு நாலு தரம் போனில் கதைத்தான், முகம் காட்டாமல். தாலி கட்ட முன்னம் முகம் பார்த்தால் கண்ணூறு என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்ததும் எழுத வேண்டும். வியாழன் அவன் ஊரில் வந்து இறங்கினான், கலியாணம் ஞாயிறு. இறங்கிய அன்றே பொன்னுருக்கு வைத்தேன். தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் பிறகு மணவறை வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. நாள் நல்ல நாள் என்று ஐயரிடமும் சொன்னேன். அந்த நாள் அவ்வளவு நல்லதும் இல்லை.

மணவறையில் முகத்துக்கு மேக்கப், தலை நிறையப் பூ. அடுத்த நாள் விடிய அவள் முகம் கழுவிவிட்டு வந்தாள். நிரோ என்னிடம் வந்து, படத்தில் இருந்த பிள்ளை எங்கே என்று கேட்டான்.

அவர்கள் அனுப்பியதைத்தான் காட்டினேன் என்றேன். இரண்டு வருடமாக அவன் செல்வியைத்தான் கள்ளி என்கிறான். அவளோடு கதைக்காதே என்று மதுராவுக்கும் சொல்லியிருக்கிறான். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

பழகினால் சரிவரும் என்று நினைத்து, நான்தான் சொல்லிச் சொல்லி அவளை இங்கே கூப்பிட வைத்தேன். அவன் பழகவே இல்லை.


நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. காலையிலேயே வெளிப்படிக்கட்டு வெள்ளை. அபி உப்புத் தூவினாள்.

நிரோ பன்னிரண்டு மணிக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் நேரே என் அறைக்கு. 19ஆம் திகதி டிக்கெட் என்று கடுதாசியை மேசையில் போட்டுப் பாஸ்போட்டைக் கேட்டான். பி.ஆர். காட்டையும் ஏன் கொடுக்கக்கூடாது என்று கேட்டேன். அவளுக்கு அங்கேதான் நல்லது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"என்னை ஏமாத்தினவை அப்பம்மா. தழும்பை மறைச்சுப் படம் அனுப்பினவை. நான் ஏன் வாழ்க்கை முழுக்கப் பொறுக்கோணும்?"

"அவை மறைக்கேல்லை. மறைச்சது நான்."

விளங்கவில்லைபோல நின்றான். திரும்பவும் சொன்னேன். படம், டொரொண்டோக்காரர், பொன்னுருக்கு, எல்லாம். சொல்லி முடிக்கும்போதுதான் பார்த்தேன், மதுரா கதவடியில். கையில் அவனுக்குக் கட்டிய சாப்பாட்டுப் பெட்டிகள்.

நிரோ தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தான். அவன் அழுதால் நல்லது என்று நினைத்தேன். அழவில்லை.

"இப்ப அதாலை என்ன? எனக்கு இவவைப் பாக்கேலாது."

அவள் நிற்கிறாள் என்று தெரிந்தே சொன்னான். நான் வளர்த்த பிள்ளை. முதல் பக்கத்தில் முதலாவதாக எழுதிய பெயர்.

மதுரா பெட்டிகளை மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல்.

"ரெண்டு வருசமா என்ரை அம்மாவைக் கள்ளி எண்டனீங்கள்," என்று அவனிடம் சொன்னாள். பிறகு, "என்ன டிக்கெட்?" என்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அவன் ஒரு மாத விடுமுறை என்று தொடங்கினான். ரஞ்சி உள்ளே வந்து மதுராவின் கையைப் பிடித்தாள், கொஞ்ச நாள் போய் நின்றால் அவனுக்கும் மனம் ஆறும் என்றாள்.

"நாலாவது ராணிக்கு மாளிகை குடுத்தவை மாமி. எனக்கு ஒருவழி டிக்கெட்டோ?"

ரஞ்சிக்கு விளங்கவில்லை. குசினியில் நின்ற அபிக்கு விளங்கியது. அவள் அழத் தொடங்கினாள்.

நான் அலுமாரியைத் திறந்தேன். பாஸ்போட், பி.ஆர். காட், கலியாணப் பத்திரம், நகைப்பை. நான்கையும் மதுராவின் கையில் வைத்தேன். தாலிக்கொடி அவள் கழுத்தில்.

"அப்பம்மா, பிழை விடுறியள்," என்றான் நிரோ.

"பிழை விட்டது ரெண்டு வருசத்துக்கு முந்தி."

சாப்பிடாமல் போனான். கார்ச் சக்கரம் பனியில் வழுக்கி, இரண்டு தரம் சுற்றிய பிறகுதான் நகர்ந்தது. ரஞ்சி அவன் பின்னால் படிக்கட்டு வரை செருப்பில்லாமல் போனாள்.

மதுரா எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடமும் இல்லை.


நவம்பர் 10, திங்கள்

பனி நிற்கவில்லை.

ரஞ்சி சாப்பாட்டை என் முன்னால் வைக்கிறாள், சாப்பிடுங்கோ என்று சொல்வதில்லை. அமெரிக்காவிலிருந்து மகன் போன் எடுத்தான். "என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்," என்றான். மதுரா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், சீனி அளவாக, வழக்கம்போல. முகம் பார்க்கவில்லை.

அபி மட்டும் வந்து பக்கத்தில் இருந்தாள். ரா. 5 சொல்லட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சொன்னாள்.

பதினேழு, பதினெட்டு வயசு இருக்குமாம். கிழட்டு ராசா, காலில் ஆறாத புண். இவளுக்கும் பழி, இவளுக்கும் தலைவெட்டு. அதற்கு முதல் நாள் தலை வைக்கிற கட்டையைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னாளாம். எப்படி வைப்பது என்று வைத்து வைத்துப் பழகினாளாம்.

அபியின் வயது. "நிப்பாட்டு பிள்ளை," என்றேன்.

பக்கத்து அறையில் மதுரா பிரெஞ்சு வசனம் பாடமாக்கும் சத்தம். வாடகைக்கு அறை இருக்கிறதா. எத்தனை மணிக்கு வேலை தொடங்கும். திரும்பத் திரும்ப.


நவம்பர் 12, புதன்

மதுரா போய்விட்டாள்.

பார்க் எக்ஸ்டென்சனில் அறை. பிரெஞ்சு வகுப்பில் கூடப் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணோடு. அந்தப் பெண்தான் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலையும் கேட்டுக் கொடுத்திருக்கிறாள். விடியவே போய்க் கோவா, லீக்ஸ் எல்லாம் கழுவி அடுக்க வேண்டும். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர்.

கொண்டுபோனது: பெரிய பெட்டி 1. கைப்பை 1. பிரெஞ்சுப் புத்தகம். ரஞ்சியின் பழைய குளிர்ச் சப்பாத்து. ரஞ்சிதான் எடுத்துக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். விடுமுறைக்குப் போட்ட டிக்கெட் மேசையில் கிடக்கிறது.

அபி மெட்ரோ வரை பெட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

கதவடியில் மதுரா நின்று என்னைப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தரம். வெளிச்சம் இடப் பக்கத்தால் விழுந்தது. நானும் பார்த்தேன். ஏழு மாதம் ஒரு வீட்டில் இருந்தும் அந்தப் பக்கத்தை நான் நேரே பார்த்ததில்லை.

"அப்பம்மா, படத்திலை என்ரை கன்னத்தைத் துடைக்க அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ஒரு நிமிசம் எண்டார்."

தலையாட்டினாள். "போறன் அப்பம்மா."

போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.


நவம்பர் 13, வியாழன்

அபி வகுப்பில் சொல்லி முடித்தாள். நல்ல புள்ளி. ஆசிரியை கை தட்டினாராம்.

ரா. 6: இரண்டு தரம் விதவையானவள். ராசாவின் புண்ணைக் கட்டிப் பார்த்தவள். சமய விசயத்தில் தன்னோடு வாதாடுகிறாள் என்று அவளையும் பிடிக்கக் கடுதாசி எழுதிக் கையெழுத்து வைத்தானாம். அவள் முந்திக்கொண்டு காலில் விழுந்து, உங்களோடு வாதாடியது உங்கள் கால் நோவை மறக்கச் செய்யத்தான் என்று சொல்லித் தப்பினாள். ராசா செத்தான். அவள் இன்னொருவனைக் கட்டி, பிள்ளை பெற்ற கையோடு செத்தாள்.

அபி நல்ல புள்ளி எடுத்ததை எழுதிவிட்டேன். சந்தோசமாக இருக்கவில்லை.

நிரோவுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். எடுக்கவில்லை.


நவம்பர் 15, சனி

பனி உருகிச் சேறு. பிரஷர் 160. அபி டொக்டரிடம் போவோம் என்கிறாள்.

காலை ஒன்பது மணிக்கு செல்விக்கு நானே எடுத்தேன். அங்கே இரவு ஏழரை. கோயில் பாட்டுக் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்டது. என்ன மாமி, பிள்ளை நல்லாயிருக்கிறாளோ, மாப்பிள்ளை நல்லாயிருக்கிறாரோ என்று வரிசையாகக் கேட்டாள். மதுரா இரண்டு கிழமையாக எடுக்கவில்லையாம். வேலை போலக்கிடக்கு என்று தானே பதிலும் சொன்னாள்.

இருந்து கேள் என்றேன். சொன்னேன். அவள் அனுப்பிய படத்தை நான் என்ன செய்தேன் என்பதிலிருந்து தொடங்கினேன். பொன்னுருக்கு. அவன் அவளைக் கள்ளி என்றது. டிக்கெட். சந்தையில் வேலை. அறை எங்கே என்பது. நடுவில் ஒரு தரம்கூட அவள் என்னை மறிக்கவில்லை. போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் "செல்வி, செல்வி" என்றேன். "ஓம் மாமி," என்றாள், இரண்டு தரமும்.

சொல்லி முடிந்தது. அவள் என்னை ஏசட்டும், மண் அள்ளிப் போடட்டும் என்று காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பாட்டு நின்றுவிட்டது. யாரோ கேட்டைத் திறந்து மூடும் சத்தம்.

"ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ மாமி," என்றாள். "போனிலை வேண்டாம், எனக்குக் கண் தெரியுதில்லை. கடையிலை குடுத்துப் பெரிசா எடுத்துத் தபாலிலை போடச் சொல்லுங்கோ. பிள்ளை மெலிஞ்சிட்டாளோ எண்டு பாக்க வேணும்."